பழைய மஸ்டாங்கை ஆட்டோகிராஸுக்குத் தயார் செய்வது: முதல் முறை இறங்குபவர்களுக்கு

மஸில் கார் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பானெட்டைத் தூக்கி இன்ஜினைத்தான் பார்ப்பார்கள். கார்புரேட்டரை மாற்றலாமா, கேம்ஷாஃப்டை மாற்றலாமா என்று பேச்சு அங்கேயே சுற்றும். ஆட்டோகிராஸில் இறங்கப் போகிறீர்கள் என்றால் இன்ஜினைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் அமெரிக்கக் கார்களுக்கு நேர்சாலையில் பாயும் பலத்துக்குப் பஞ்சமில்லை. திரும்பச் சொன்னால்தான் முரண்டு பிடிக்கும். பணமும் உழைப்பும் முதலில் முன்சக்கரங்களைச் சுற்றித்தான் போக வேண்டும்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 1965, 1966 ஃபோர்டு மஸ்டாங். இதற்கு ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். என்ன மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் அறுபது வருடமாகப் பலர் செய்து பார்த்துவிட்டார்கள். முதல் தலைமுறை கமாரோவோ டாட்ஜ் டார்ட்டோ வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் போகலாம், பாகங்களும் அளவுகளும்தான் மாறும்.

ஆட்டம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம்மூரில் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் மண் தரையில் புழுதி பறக்க ஓட்டுவது. அமெரிக்காவில் அது வேறு. பெரிய கார் நிறுத்துமிடம் அல்லது பழைய விமான ஓடுதளம், அதில் ஆரஞ்சு நிற கோன்களால் வளைந்து நெளிந்த பாதை. கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றாக, கடிகாரத்தை எதிர்த்து ஓடும். ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கோனைத் தட்டிச் சாய்த்தாலோ அதன் கட்டத்துக்கு வெளியே தள்ளினாலோ ஒவ்வொரு கோனுக்கும் 2 விநாடி கூடும். ஒரு வாயிலைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கிலேயே வராது. ஒரு நாளில் சில ஓட்டங்கள்தான் கிடைக்கும், அவற்றில் சிறந்ததை எடுத்துக்கொள்வார்கள்.

இதை நாடு முழுக்க நடத்துவதில் பெரிய அமைப்பு 1944ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, சுருக்கமாக எஸ்.சி.சி.ஏ. ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துகிறார்கள். தேசியப் போட்டி நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் பழைய விமானத்தளத்தின் காங்கிரீட்டில் நடக்கும். நமக்கான பிரிவு கேம், அதாவது கிளாசிக் அமெரிக்கன் மஸில். அதிலும் மூன்று உண்டு: பழைய கார்களுக்கு கேம்-டி (T), புதிய மஸ்டாங், கமாரோ போன்றவற்றுக்கு கேம்-சி, கார்வெட் மாதிரி இரண்டு இருக்கை வண்டிகளுக்கு கேம்-எஸ். மாற்றங்களுக்கு நிறைய இடம் கொடுக்கும் பிரிவு இது. ஆனால் குறைந்தபட்ச எடை வரம்பு உண்டு. டயரும் ட்ரெட்வேர் எண் (ரப்பர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் எண்) 200 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். காரில் கை வைப்பதற்கு முன்னால் அந்த வருட விதிப்புத்தகத்தை இறக்கி ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். பாகத்தை வாங்கிவிட்டு விதியைப் பார்ப்பது வீண் செலவு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெயின்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். இந்த மஸ்டாங்குகளுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டவை. துரு பிடித்த இடம் வளைந்துகொடுக்கும், வளைந்துகொடுக்கும் உடலில் எந்த சஸ்பென்ஷனும் வேலை செய்யாது.

முதல் சோதனைக்கு ஒரு குடம் தண்ணீர் போதும். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில், காற்று உள்ளே போக ஓட்டைகள் உள்ள பகுதியில் மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்க்கட்டும். தரை விரிப்பில் தண்ணீர் சொட்டினால் கௌல் எனப்படும் அந்தப் பெட்டி உள்ளே அரித்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரி செய்வதற்கு முன்பக்கத்தையே பிரித்து வெல்டிங் செய்ய வேண்டும். விலையில் பெரிதாகக் குறைத்தால் ஒழிய விட்டுவிடலாம்.

அடுத்தது ஷாக் டவர். இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் நிற்கும் தகரத் தூண்கள் அவை. முன் ஸ்பிரிங்கின் சுமை முழுக்க அவற்றில்தான் இறங்குகிறது. சக்கரத்தை மேல்பக்கம் உடலோடு இணைக்கும் கை போன்ற பாகமான மேல் கன்ட்ரோல் ஆர்மின் போல்ட் சேரும் இடத்தைச் சுற்றி அழுக்கைத் துடைத்துவிட்டு விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட் அங்கே மட்டும் இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படலாம். பாட்டரி தட்டுக்குக் கீழே இருக்கும் சட்டத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஆசிட் சொட்டிச் சொட்டி அரித்திருக்கும்.

வின் எண்ணின், அதாவது காரின் அடையாள எண்ணின், ஐந்தாவது எழுத்து காரில் வந்த இன்ஜினைச் சொல்லும். ‘சி’ என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் வைத்த 289 (289 கன அங்குல வி8), ‘ஏ’ நான்கு பேரல், ‘டி’ (T) என்றால் ஆறு சிலிண்டர். சக்கரத்தில் நான்கு போல்ட் மட்டும் இருந்தால் அடிப்படை ஆறு சிலிண்டர்க் கார். அதை வி8 ஆக மாற்றும்போது இன்ஜினோடு ஆக்சில், பிரேக், ஸ்டியரிங் இணைப்புகள் என்று பட்டியல் நீளும். அதனால் சி எழுத்துக் கார்தான் நமக்குச் சரியான தொடக்கம். ‘கே’ எழுத்து கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் அந்த அபூர்வ ஹை-பெர்ஃபார்மன்ஸ் காரில் துளை போட எனக்கு மனசு வராது. வேறு ஒன்றைப் பாருங்கள்.

முதலில் உயிருக்குப் பாதுகாப்பு

1965, 66 மஸ்டாங்கில் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். எங்கோ ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967லிருந்துதான் ஃபோர்டு இரட்டை அறை வைத்தது. இதை மாற்றாமல் வேறு எதையும் தொடாதீர்கள். மாற்றும்போதே முன்பக்கம் டிஸ்க் பிரேக் போட்டுவிடுவது நல்லது. ஆட்டோகிராஸ் ஓட்டம் சிறியது என்பதால் பிரேக் சூடேறி மங்குவது அரிது. பிரச்சினை சீராகப் பிடிப்பதில்தான் இருக்கிறது. பழைய டிரம் ஒரு பக்கம் முன்னதாகப் பிடித்து ஸ்டியரிங்கை இழுக்கும்.

ஸ்டியரிங் கம்பமும் அந்த வருடங்களில் மடங்காத ஒரே தண்டு. முன்பக்கம் இடி வாங்கினால் நேராக நெஞ்சுக்கு வரும். போட்டித் திடலில் மோதுவதற்குச் சுவர் இருக்காது, திடலுக்குப் போகும் நெடுஞ்சாலையில்தான் ஆபத்து. மடங்கும் கம்பம் தனியாகக் கிடைக்கிறது. மூன்று முனை சீட் பெல்ட்டையும் சேர்த்துப் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

போட்டி நாளின் தொழில்நுட்பச் சோதனையில் பார்ப்பதெல்லாம் எளிய விஷயங்கள்: பாட்டரி ஆடாமல் கட்டியிருக்கிறதா, வீல் பேரிங்கில் ஆட்டம் உண்டா, வீல் நட்டுகள் இறுக்கமா, கால் எடுத்ததும் த்ராட்டில் மூடுகிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா, டிக்கியில் உருளும் சாமான் இருக்கிறதா. வீல் கப் இருந்தால் கழற்றச் சொல்வார்கள். ஹெல்மெட்டில் ஸ்னெல் என்ற பாதுகாப்புச் சான்றின் ஸ்டிக்கர் வேண்டும், அதற்கும் வருட வரம்பு உண்டு.

இவ்வளவு முடிந்ததும், சஸ்பென்ஷன் அப்படியே இருக்கட்டும், ஒரு போட்டிக்குப் போய் ஓட்டிவிட்டு வாருங்கள். அசிங்கமாகச் சாயும், டயர் அலறும். பரவாயில்லை. கார் எங்கே உங்களைக் கைவிடுகிறது என்று தெரியாமல் பாகம் வாங்கினால் கடைக்காரர் சொல்வதைத்தான் வாங்குவீர்கள்.

டயர்

ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் டயருக்குக் கொடுங்கள். 15 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் உள்ள ரிம்மில் 225/50 டயர் இந்தக் காருக்குப் பெரிதாக வெட்டாமல் ஒட்டாமல் பொருந்தும் அளவு. பின்பக்கம் ஃபெண்டரின் உள்விளிம்பு உரசினால் அதை மடக்கிவிட வேண்டியிருக்கும். 17 அங்குலத்துக்குப் போனால் 200 ட்ரெட்வேர் டயர்களில் தேர்வு அதிகம். யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்ஈ-71ஆர்எஸ் இரண்டும் திடலில் அடிக்கடி கண்ணில் படும். ஆனால் முன்பக்கம் 245 அகலத்தை நுழைக்க ரிம்மின் ஆஃப்செட்டை (ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரும் அளவை) மில்லிமீட்டர் கணக்கில் பார்க்க வேண்டும்.

பயன்படுத்திய டயர் மலிவாகக் கிடைத்தால் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1421 என்றால் 2021ன் 14வது வாரம். இந்த வகை டயரில் பள்ளம் மிச்சம் இருந்தாலும் ரப்பர் வயதால் இறுகிவிடும். நகத்தால் அழுத்தினால் உள்வாங்காத டயரை வாங்க வேண்டாம்.

முன் சஸ்பென்ஷன்: காசுக்கு மிகுந்த பலன் இங்கேதான்

கார் திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் சாய்கிறது. அப்போது வெளிப்பக்க முன்சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தால்தான் டயரின் முழு அகலமும் தரையைப் பிடிக்கும். மஸ்டாங்கில் ஃபாக்டரி வடிவமைப்பு இதற்கு நேர்மாறு. உடலோடு சேர்ந்து சக்கரமும் வெளியே சாய்ந்து, டயரின் ஓரத்தில் மட்டும் உருளும். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு நேராகவே போவதற்குக் காரணம் இதுதான்.

தீர்வை ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் அப்போதே கண்டுபிடித்துவிட்டார். மேல் கன்ட்ரோல் ஆர்மின் உட்பக்கப் பிடிமானத்தை 1 அங்குலம் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான். ஆர்மின் சாய்வுக்கோணம் மாறுவதால், சக்கரம் மேலே ஏற ஏற அதன் தலை உள்ளே இழுக்கப்படும். காரும் கொஞ்சம் தாழும். மஸ்டாங்கை ரேஸுக்கு மாற்றிக் கட்டிய கரோல் ஷெல்பியின் பட்டறை 1965 ஜிடி350 கார்களை இப்படித்தான் கட்டியது. அந்தக் கார் எஸ்.சி.சி.ஏ. ரேஸ்களின் பி-புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டத்தை 1965, 66, 67 என மூன்று வருடம் தொடர்ந்து வென்றது. ஷாக் டவரில் பக்கத்துக்கு இரண்டு என்று மொத்தம் நான்கு துளைகள், இவ்வளவு மலிவான மாற்றம் வேறு எந்த மஸில் காருக்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

செய்யும் முறை: காரின் முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி சக்கரத்தைக் கழற்றுங்கள். ஷாக்கை மேல்பக்கமாக எடுங்கள். ஸ்பிரிங்கை அதற்கென்றே உள்ள கம்ப்ரஸரால் சுருக்கி வெளியே எடுக்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் அவசரம் கூடாது. சுருக்கிய ஸ்பிரிங் நழுவினால் எலும்பு முறியும், உயிரும் போகலாம். இந்தக் காருக்கான கம்ப்ரஸரையே பயன்படுத்துங்கள். பொதுக் கருவி வேண்டாம், ஸ்பிரிங்குக்கு நேராக முகத்தையும் வைக்க வேண்டாம். ஆர்மைக் கழற்றும்போது போல்டில் இருக்கும் ஷிம் தகடுகளை எந்தப் போல்டில் எத்தனை என்று எழுதிப் பையில் போடுங்கள். பழைய துளைகளில் பொருந்தும் டெம்ப்ளேட் கடையில் கிடைக்கும். அதைப் பொருத்தி, சின்ன ட்ரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். தகரம் இரண்டு அடுக்கு என்பதால் ட்ரில் கடைசியில் சட்டென்று உள்ளே பாயும், கையை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய துளைகளை அப்படியே விட்டாலும் பாதகமில்லை.

ஆர்ம் வெளியே இருக்கும்போதே ஸ்பிரிங் உட்காரும் பெர்ச்சைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஃபாக்டரி பெர்ச்சில் ரப்பர் புஷ் இருக்கும். அது முறுக்கிக்கொண்டு அசைய மறுக்கும். பேரிங் வைத்த ரோலர் பெர்ச் போட்டால் விரலால் தள்ளினாலே புரளும். ஆர்னிங் மாற்றத்துக்கு அடுத்து, ஓட்டும்போது கையில் தெரியும் வித்தியாசம் இதுதான்.

ஸ்பிரிங் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்குலத்துக்கு 600 பவுண்டு சொச்சம் என்று விற்கும் ஸ்பிரிங் காகிதத்தில் கல்லாகத் தெரியும். இந்தக் காரில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் சக்கரத்தில் உணரும் விறைப்பு அதில் ஒரு பகுதிதான். 1 அங்குலம் தாழ்ந்த அந்த வகை ஸ்பிரிங், உடல் சாய்வதைக் குறைக்கும் 1 அங்குலத் தடிமன் முன் ஆன்ட்டி-ரோல் பார், நல்ல ஷாக் நான்கு: தொடக்கத்துக்கு இது போதும். ஷாக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவு ஷாக்கோடு விறைப்பான ஸ்பிரிங் போட்டால் கார் தரையில் நிற்காமல் துள்ளும்.

ஷாக் டவர்களைக் கட்டிப்போட இரண்டு பொருள்: டவரிலிருந்து பின்சுவருக்குப் போகும் ஒரே துண்டு எக்ஸ்போர்ட் பிரேஸ், இரண்டு டவர்களையும் குறுக்கே இணைக்கும் மான்டே கார்லோ பார். இரண்டையும் ஒரு மாலைப்பொழுதில் மாட்டிவிடலாம்.

அலைன்மென்ட்

டயர்க் கடைக்காரர் கணினியில் 1965ன் ஃபாக்டரி அளவுகளைப் போட்டுப் பச்சை விளக்கு எரிய வைத்து அனுப்பிவிடுவார். அந்த அளவுகள் அன்றைய பயஸ்-பிளை டயருக்கானவை. உங்கள் அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்வது) மைனஸ் 1.5 முதல் 2 டிகிரி, காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்வது) பிளஸ் 3 டிகிரி அல்லது அதற்கு மேல் கிடைக்கும் வரை, டோ (முன்சக்கரங்களின் மூக்கு உள்ளே அல்லது வெளியே பார்ப்பது) பூஜ்யம் அல்லது 1/16 அங்குலம் வெளியே. 1965, 66ல் கேம்பர், காஸ்டர் இரண்டையும் மேல் ஆர்மின் ஷிம் தகடுகளால்தான் அமைக்க வேண்டும். 1967 முதல் முறை வேறு. கீழ் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ஸ்ட்ரட் ராடை நீளம் மாற்றக்கூடிய வகையாகப் போட்டிருந்தால் காஸ்டர் எளிதாகக் கிடைக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் நகர்வதும் குறையும். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் காஸ்டர் கூடக்கூடக் கைக்குக் கனக்கும். அதற்குத் தோள்தான் விலை.

பின்பக்கம், கியர், இருக்கை

பின்னால் லீஃப் ஸ்பிரிங். பட்டைகள் தொய்ந்திருந்தால் புதிதாக, 1 அங்குலம் தாழ்வான மிட்-ஐ வகையைப் போடுங்கள். பின் ஆன்ட்டி-ரோல் பார் இப்போதைக்கு வேண்டாம். அது பின்பக்கத்தை உதறவைக்கும், உள்சக்கரத்தையும் தூக்கும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் கட்டாயம் என்றே சொல்வேன். அது இல்லையென்றால் வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்சக்கரம் சும்மா சுற்றிப் புகைதான் வரும். தானாகப் பூட்டும் லாக்கர் வகை, நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸுக்கு நல்லது, இங்கே அது காரை நேராகத் தள்ளும்.

கியர்க் கணக்கு எளிது. ஓட்டம் முழுவதும் இரண்டாவது கியரிலேயே முடிய வேண்டும், நடுவில் மாற்றினால் நேரம் போகும். எண்பதுகளின் ஃபாக்ஸ்பாடி தலைமுறை மஸ்டாங்கின் டி-5 (T-5) கியர்பாக்ஸில் இரண்டாவது விகிதம் சுமார் 2. அதோடு 3.55 விகித ஆக்சில், 24 அங்குல விட்ட டயர் என்றால் 6,000 ஆர்பிஎம்மில் மணிக்கு 60 மைல் கிட்டும். பெரும்பாலான திடல்களுக்கு இது போதும். உங்கள் ஊர்த் திடல் அகலமாக இருந்து அடிக்கடி லிமிட்டைத் தொட்டால் 3.25 பாருங்கள்.

இருக்கையைப் பலர் மறந்துவிடுவார்கள். அசல் வினைல் இருக்கை வழுக்கும், முதுகும் தாழ்வு. வளைவில் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் முன்டயர் என்ன சொல்கிறது என்று கைக்கு எப்படித் தெரியும்? பக்கவாட்டில் அணைக்கும் இருக்கை ஒன்று, 50 குதிரைசக்தியைவிட அதிக நேரத்தைக் குறைக்கும்.

இன்ஜின்: ஓடிக்கொண்டே இருந்தால் போதும்

நல்ல நிலையில் உள்ள 289 போதும். நீண்ட வளைவில் இன்ஜின் இருமினால், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. முதலில் ஃப்ளோட் மட்டத்தைச் சரி செய்யுங்கள், டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலும் அப்படித்தான் ஒதுங்கும். சாதாரண 1965 டாஷ்போர்டில் ஆயிலுக்கு முள் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது பேரிங் ஏற்கனவே அடி வாங்கியிருக்கும். பிரஷர் கேஜ் ஒன்று மாட்டி, வளைவில் முள் விழுகிறதா என்று பக்கத்தில் உட்காருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விழுந்தால் தடுப்புத் தகடுகள் வைத்த ஆயில் பேன் போட வேண்டும்.

திடலில் டியூனிங்

காலையில் பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். ஒருமுறையாவது தனியாக, பேச்சுத்துணை இல்லாமல் நடங்கள். நிற்கும்போது தெரியும் கோடு வேறு, இருக்கையின் உயரத்தில் தெரிவது வேறு என்பதால் முக்கியமான வளைவுகளில் குனிந்து பாருங்கள்.

டியூனிங்குக்குத் தேவையான கருவிகள்: காற்றழுத்த மானி, சாக்பீஸ், நோட்டு. முன்னால் 36, பின்னால் 32 பிஎஸ்ஐ என்று தொடங்குங்கள். டயரின் ஓரத்தில், பக்கச் சுவரும் ட்ரெட்டும் சேரும் இடத்தில், சின்ன முக்கோணக் குறி அச்சாகியிருக்கும். அதன்மேல் மூன்று இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஓடி முடித்து வந்ததும் பாருங்கள். முக்கோணத்தின் நுனிவரை சாக்பீஸ் அழிந்திருந்தால் அழுத்தம் சரி. அதைத் தாண்டிக் கீழே அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். நுனிக்கு எட்டவே இல்லையென்றால் இறக்குங்கள். டயர் சூடேறினால் அழுத்தம் தானாக ஏறும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் மறுபடி பார்க்க வேண்டும். வெயில் நாளில் டயரைக் குளிர்விக்கத் தண்ணீர் தெளிப்பான் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

மூக்கு நேராகப் போகிறது என்ற புகார் கட்டாயம் வரும். எப்போது என்று பிரித்துப் பாருங்கள். வளைவுக்குள் நுழையும்போது மட்டும் என்றால் பெரும்பாலும் வேகம் அதிகம், கார்மேல் குற்றமில்லை. நடு வளைவில் நிலையாகப் போகும்போதும் தள்ளினால் முன் கேம்பர் போதவில்லை, அல்லது முன்டயர் அழுத்தம் தவறு. ஆக்சிலரேட்டர் மிதித்ததும் தள்ளினால், காலைச் சீக்கிரம் வைத்துவிட்டீர்கள் அல்லது பின்பக்க ஷாக் மெத்தென்று உட்காருகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நோட்டில் எழுதுங்கள். இரண்டை மாற்றிவிட்டு நேரம் குறைந்தால் எதற்கு நன்றி சொல்வது?

ஸ்லாலமில், அதாவது வரிசையாக நிற்கும் கோன்களுக்கிடையே இடமும் வலமுமாக நெளியும் பகுதியில், இந்தக் கார் சுணங்கும். முன்பாரம் அதிகம், ஸ்டியரிங்கும் மெதுவானது. கோனுக்குப் பக்கத்தில் வந்தபின் திருப்பினால் அடுத்த கோனுக்குத் தாமதம், அதற்கடுத்ததை இடித்துவிடுவீர்கள். கோனை அடைவதற்கு முன்பே திருப்பத் தொடங்கி, கோனைத் தாண்டும்போது கார் ஏற்கனவே அடுத்த பக்கம் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த பாகத்துக்கு ஆர்டர் போடும் முன் ஒன்று செய்யுங்கள். அதே பிரிவில் வருடக்கணக்கில் ஓட்டும் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து உங்கள் காரை ஓட்டச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். அவர் உங்களைவிட 3 விநாடி குறைவாக வந்தால் அந்தப் பணத்தை அடுத்த சில போட்டிகளின் நுழைவுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவரும் இறங்கி வந்து, நீங்கள் சொன்ன அதே வளைவில் மூக்கு தள்ளுகிறது என்றால், அப்போது ஸ்பேனரை எடுக்கலாம்.